ஓப்பன் சோர்ஸ் என்றார்கள், பிறகு உரிமத்தை மாற்றினார்கள்: ரெடிஸுக்கு நாம் பணம் கட்ட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பில்லிங் மென்பொருளை இணையம் வழியாகக் கொடுக்கிறீர்கள். லாகின் விவரங்களைப் பிடித்து வைக்கவும், அடிக்கடி கேட்கப்படும் விலைப்பட்டியலைச் சட்டென்று எடுத்துத் தரவும் 6 வருடமாக ரெடிஸ் என்ற, தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது, அதனால் அதற்காகப் பத்து பைசா கட்டியதில்லை. போன மாதம் மென்பொருள் விற்கும் ஓர் இடைத்தரகரிடமிருந்து, உரிம விதிகளைப் பின்பற்றுகிறீர்களா என்று பேசிப் பார்க்கலாமா என ஓர் அஞ்சல் வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பதறி, “ஓப்பன் சோர்ஸ் என்று சொன்னவர்கள் இப்படி மாற்றலாமா, இப்போது திரும்பவும் திறந்துவிட்டோம் என்கிறார்களே, நம்பலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பணம் பாக்கி இருக்கிறதா என்பது ஒன்று. அவர்கள் செய்தது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது இரண்டாவது. இனி யாரை நம்புவது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஏறக்குறைய உறுதியாகவே பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் நான் சொல்வது என் கருத்து மட்டுமே. 17 வருடமாக சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான், வக்கீல் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால் வக்கீலிடம் போய்விடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எல்லாமே நீங்கள் ஓட்டும் பதிப்பு எண்ணில் இருக்கிறது. 7.2 வரிசையோ அதற்கு முந்தையதோ என்றால் அது பிஎஸ்டி உரிமத்தில் வந்தது. அந்த உரிமம் ஒரு பக்கம்கூட வராது. பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காதே, எங்கள் பெயரைச் சொல்லி உன் சரக்கை விற்காதே, ஏதாவது உடைந்தால் எங்களைக் கேட்காதே: இவ்வளவுதான். விற்கலாம், மாற்றலாம், வாடகைக்கு விடலாம். 7.4 என்றால் 2024 மார்ச் 20 அன்று அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது. அதில் ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற இரண்டு உரிமங்களில் ஒன்றை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். இரண்டுமே, எது ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்று வரையறுக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு ஏற்காதவை. 2025 மே மாதம் வந்த பதிப்பு 8 முதல் மூன்றாவதாக ஏஜிபிஎல் சேர்ந்திருக்கிறது. அது ஏற்கப்பட்ட உரிமம். இந்த மூன்று காலகட்டத்தில் எதில் இருந்தாலும், உங்கள் செயலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து வேலை செய்யும் ரெடிஸுக்காக நீங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. புதிய உரிமங்களின் குறி, ரெடிஸையே சேவையாக விற்கும் பெரிய கிளவுட் கம்பெனிகள் மீதுதான். பனியன் பில்லிங் அந்தக் கணக்கில் வராது.

பதிப்பு எண்ணை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், சர்வரில் போய்ப் பாருங்கள். காரணம் இருக்கிறது. மென்பொருளை இமேஜ் என்ற பொட்டலமாக இறக்கித் தரும் டாக்கர் என்ற கருவியில் ஓட்டுகிற பலர் அந்த இமேஜ் பெயருக்குப் பின்னால் எண் எதுவும் போடாமல் விட்டுவிடுவார்கள். எண் இல்லை என்றால் அது “லேட்டஸ்ட்” என்றே எடுத்துக்கொள்ளும். ஏதோ ஒரு ராத்திரி சர்வரை மாற்றியமைக்கும்போது புதிய இமேஜ் இறங்கியிருக்கும். 7.2 போய் 7.4 வந்திருக்கும், உரிமமும் அதோடு மாறியிருக்கும். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தி ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களில் இப்படித்தான் நடந்தது, ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தார்கள். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இறக்கியது வெறும் ரெடிஸா, அல்லது தேடல், ஜேசான் (ஒரு தரவு வடிவம்) போன்ற கூடுதல் பாகங்களோடு வரும் ரெடிஸ் ஸ்டாக்கா? அந்தப் பாகங்கள் 2018 முதலே கட்டுப்பாடுள்ள உரிமத்தில் இருந்தவை. பிஎஸ்டி பற்றி நான் மேலே சொன்னது அவற்றுக்குப் பொருந்தாது.

இப்போது, உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்கு வருகிறேன். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் தங்கள் குடோன் மென்பொருளிலிருந்து நேராகச் சரக்கிருப்பை எழுத வசதியாக, அவர்களுக்கென்று தனி ரெடிஸ் திறந்து பாஸ்வேர்டும் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் மொத்தக் கதையிலும் எனக்கு உறுத்துகிற இடம் இது ஒன்றுதான். ஆர்எஸ்ஏஎல் உரிமம் தடுப்பது, மென்பொருளின் செயல்பாட்டை மூன்றாம் தரப்பினருக்குச் சேவையாகத் திறந்துவிடுவதை. வலை வழியாக அவர்கள் அதனோடு நேரடியாகப் பேசுவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. நீங்கள் அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவில்லை, பில்லிங்கின் ஒரு பகுதியாகத்தான் கொடுக்கிறீர்கள் என்று வாதாடலாம். வாதம் நியாயமானதுதான், நின்றுவிடும் என்று உறுதியளிக்க என்னால் முடியாது. எஸ்எஸ்பிஎல் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். அதன் 13ஆவது பிரிவு, சேவையாகக் கொடுத்தால் அந்தச் சேவையை ஓட்டப் பயன்படும் மேலாண்மை, கண்காணிப்பு, பேக்கப் மென்பொருள்கள் வரை எல்லாவற்றின் மூலநிரலையும் வெளியிடச் சொல்கிறது. நடைமுறையில் யாராலும் அதை நிறைவேற்ற முடியாது. அந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் உள்ளது 7.4 என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், ரெடிஸ் போர்ட்டை (இணைப்பு வாசலை) வெளியே திறந்து வைப்பது பாதுகாப்புக்கும் நல்லதில்லை. நடுவில் ஒரு சின்ன ஏபிஐ (அவர்கள் கோரிக்கையை வாங்கி ரெடிஸுக்குக் கடத்தும் நிரல்) எழுதிவிட்டால் இரண்டு தலைவலியும் ஒன்றாகத் தீரும்.

ஏஜிபிஎல் என்ற பெயரைக் கேட்டதும் “எங்கள் மொத்த நிரலையும் வெளியிடச் சொல்வார்களாமே” என்று உங்கள் பார்ட்னர் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயப்படுவது அவர் மட்டுமில்லை. கூகுள் தன் நிறுவனத்துக்குள் ஏஜிபிஎல் மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கிறது. ஆனால் உரிமத்தைப் படித்தால் வேறு கதை தெரியும். ரெடிஸின் நிரலை நீங்கள் மாற்றி, அந்த மாற்றிய ரெடிஸோடு வலை வழியாகப் பிறரைப் பேசவிட்டால், மாற்றிய வடிவத்தின் மூலநிரலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் அந்தப் பிரிவு உங்களைத் தொடுவதே இல்லை. இது உறுதியானது. தனி நிரலாக ஓடி, சாக்கெட் இணைப்பு வழியாக மட்டும் ரெடிஸோடு பேசும் உங்கள் பில்லிங் செயலி அதன் வழிப்படைப்பு (அதிலிருந்து உருவான படைப்பு) ஆகாது என்பது துறையில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட நிலை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இது ஏற்றுக்கொண்ட நிலை என்ற அளவில்தான் நிற்கிறது. எங்கே கோடு போடுவது என்று உரிமமே எண்போட்டுச் சொல்லவில்லை. கவனமான கம்பெனிகள் விலகி நிற்பது அந்த மிச்சச் சந்தேகத்தால்தான்.

இனி இரண்டாவது கேள்வி. எப்படி மாற்ற முடிந்தது? ஆங்கிலத்தில் “ஃப்ரீ” என்ற ஒற்றைச் சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. 1983இல் க்னூ என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லியே களைத்திருப்பார். நமக்குக் கட்டற்ற மென்பொருள் என்ற சொல் கிடைத்ததால் அந்தக் குழப்பம் வந்திருக்கவே கூடாது. ஆனாலும் நாம் இறக்கிக்கொண்டது என்னவோ இலவசம் என்றுதான். உரிமம் பேசுவது உங்கள் கையில் இருக்கும் பிரதியைப் பற்றி. பிஎஸ்டியில் வந்த 7.2 இன்றும் பிஎஸ்டிதான், அதை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை. ரெடிஸ் கம்பெனியும் அப்படிச் சொல்லவில்லை, அந்த வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைக்கூட வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் எழுதப்போகும் நிரல் எந்த உரிமத்தில் வரும் என்று எந்த உரிமமும் வாக்குக் கொடுப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது பதிப்புரிமை யார் கையில், பெயர் யார் கையில், முடிவெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பவை. நாம் எல்லோரும் உரிமக் கோப்பைப் பார்த்து நிம்மதியடைந்தோமே தவிர, இந்த மூன்றையும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரெடிஸின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிசிலிக்காரரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் தன் சொந்தத் தேவைக்காக எழுதியது அது. முதலில் விஎம்வேரும் பிறகு பிவோட்டலும் அவருக்குச் சம்பளம் கொடுத்து எழுத வைத்தன. 2015இல் ரெடிஸ் லேப்ஸ் என்ற கம்பெனி அந்தப் பொறுப்பை ஏற்றது. அது தொடங்கும்போது அதன் பெயர் வேறு. வேறொருவர் எழுதிய மென்பொருளின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு வளர்ந்த கம்பெனி என்பதைக் கவனியுங்கள். 2018இல் கூடுதல் பாகங்களின் உரிமத்தை முதல்முறை மாற்றியபோது பெரிய சலசலப்பு. அப்போது கம்பெனி, ரெடிஸின் மையப்பகுதி என்றென்றும் பிஎஸ்டியிலேயே இருக்கும் என்று எழுத்தில் உறுதி சொன்னது. 2020இல் சான்ஃபிலிப்போ பராமரிப்பிலிருந்து விலகினார். கம்பெனி ஆட்களோடு அமேசானிலிருந்தும் அலிபாபாவிலிருந்தும் ஒவ்வொருவர் இருந்த ஒரு மையக்குழு பொறுப்பேற்றது. 2021இல் கம்பெனி தன் பெயரிலிருந்து லேப்ஸை எடுத்துவிட்டு வெறும் ரெடிஸ் ஆனது. 2024 மார்ச்சில் உரிமம் மாறியது. “என்றென்றும்” 6 வருடம்கூட நீடிக்கவில்லை. அந்த உறுதிமொழி ஒரு வலைப்பதிவில் இருந்தது, ஒப்பந்தத்தில் இல்லை.

இதைச் செய்ய அவர்கள் எல்லாப் பங்களிப்பாளர்களிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிஎஸ்டி நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து, பழைய குறிப்பை வைத்துக்கொண்டு, மேலே எழுதும் புதிய நிரலுக்கு வேறு உரிமம் போடலாம். கம்பெனிக்குக் கிடைத்த அதே சுதந்திரம் மற்றவர்களுக்கும் இருந்தது. அதனால்தான் 8 நாளில், மார்ச் 28 அன்று, லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை, அதாவது ரெடிஸின் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்கும் திட்டம், பிறந்தது. பழைய மையக்குழுவில் அமேசான் சார்பில் இருந்த மேடலின் ஓல்சன் முன்னின்றார். கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆகியவை துணை நின்றன. 7.2.4 பதிப்பிலிருந்து பிரித்து எடுத்து, பிஎஸ்டியிலேயே தொடர்ந்தார்கள். ஃபெடோரா லினக்ஸ் தன் தொகுப்பில் ரெடிஸின் இடத்தில் வால்கீயை வைத்துவிட்டது.

கம்பெனியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அமேசான் 2013 முதல் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் ரெடிஸை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தது. எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது ஒருவர், வசூல் இன்னொருவருக்கு. எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் “கிளவுட் கம்பெனிகள் எடுத்துக்கொண்டே இருந்தன, திருப்பித் தரவே இல்லை” என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். மையக்குழுவில் அமேசானின் ஆள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோதே அதைச் சொன்னார்கள். முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த கம்பெனிக்கு ஒரு கட்டத்தில் வருமானம் காட்டியாக வேண்டும், அந்த நெருக்கடிதான் பெரிய காரணம் என்பது என் ஊகம்.

பங்களிப்பாளர் ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சிஎல்ஏ என்பார்கள், ஒரு திட்டத்துக்குத் தன் உழைப்பை அனுப்புகிறவர் ஒப்புக்கொள்வது அது. இதில் எனக்கே ஒரு சூடு இருக்கிறது. பல வருடம் முன்பு, வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் ஒரு மென்பொருளை நாங்கள் பயன்படுத்தினோம். பெயர் வேண்டாம். ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் தமிழ் இல்லை. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இரண்டு மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து சுமார் 1,400 வரிகளை மொழிபெயர்த்தோம். “டிக்கெட்” என்பதற்குப் புகார்ச்சீட்டா, கோரிக்கையா என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டது நினைவிருக்கிறது. அனுப்பும்போது ஒரு பக்கம் திறந்தது, கீழே ஒரு டிக் பெட்டி. படிக்காமல் டிக் போட்டோம். மூன்று வருடம் கழித்து இலவசப் பதிப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்றார்கள், மற்ற மொழிகள் கட்டணப் பதிப்புக்குப் போயின, எங்கள் தமிழும்தான். எழுதிக் கேட்டேன். பயனர்களோடு பேசுவதற்கென்று வைத்திருந்த பெண் மிக மரியாதையாகப் பதில் போட்டார், எங்கள் உழைப்பை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று மூன்று பத்தி. கூடவே ஒரு டி-ஷர்ட் அனுப்பினார்கள். எக்ஸ்எல் கேட்டேன், எம் வந்தது. அன்றைக்குத்தான் அந்த ஒப்பந்தத்தை முதல்முறையாகப் படித்தேன். எங்கள் பங்களிப்பை எந்த உரிமத்திலும் வெளியிட அவர்களுக்கு நாங்களே அனுமதி கொடுத்திருந்தோம். அவர்கள் விதியை மீறவில்லை. அந்தப் பெண் மேலும் எனக்குக் கோபமில்லை, முடிவெடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலி இருந்திருக்காது. வெண்டர்கள் பயனர்களோடு பழகுவதில் நான் கற்றது இதுதான்: நம்மோடு அன்பாகப் பேசுகிறவரும் உரிமத்தை மாற்றுகிறவரும் ஒரே ஆள் இல்லை.

லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையநிரலில்) இப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. பங்களிப்பவர் இது நான் எழுதியது, அல்லது அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு வரியில் கையொப்பமிடுவார், 2004 முதல் அதுதான் வழக்கம். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் நாளைக்கு உரிமத்தை மாற்ற முடியாது. வால்கீயும் இந்தக் கையொப்ப முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ரெடிஸோ உரிமம் மாறிய பிறகு பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

ரெடிஸ் மட்டும் இப்படிச் செய்தது என்று எண்ண வேண்டாம். மாங்கோடிபி என்ற தரவுத்தளக் கம்பெனி 2018 அக்டோபரில் ஏஜிபிஎல்லிலிருந்து எஸ்எஸ்பிஎல்லுக்குப் போனது, அந்த உரிமத்தை எழுதியதே அவர்கள்தான். தேடல் மென்பொருள் செய்யும் எலாஸ்டிக் 2021 ஜனவரியில் அப்பாச்சி என்ற தாராளமான உரிமத்தை விட்டது. அவர்களும் 2018இல் மாற்றவே மாட்டோம் என்று எழுதியவர்கள். அமேசான் அதிலிருந்து ஓப்பன்சர்ச்சைப் பிரித்தது. சர்வர்களை நிரல் வழியாக அமைக்க உதவும் டெராஃபார்மைச் செய்யும் ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்ட் 10 அன்று பிஎஸ்எல் என்ற உரிமத்துக்கு மாறியது. எங்களோடு போட்டி போடும் சேவைக்குப் பயன்படுத்தாதே என்பது அதன் சாரம், 4 வருடத்தில் அந்தப் பதிப்பு பழைய உரிமத்துக்குத் திரும்பும். எது போட்டி என்று தெளிவாகத் தெரியாததுதான் பயனர்களை அதிகம் எரிச்சலூட்டியது, சந்தேகம் இருந்தால் அஞ்சல் அனுப்பிக் கேளுங்கள் என்றார்கள். அடுத்த மாதமே டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு கிளையை லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஏற்றுக்கொண்டது.

லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் கம்பெனியின் விஷயம் வேறு ரகம், அங்கே உரிமம் மாறவே இல்லை. 2029 வரை ஆதரவு என்று எல்லோரும் நம்பியிருந்த அவர்களுடைய இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அப்போது நான் 40 சர்வர்களை அதற்கு மாற்றி முடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு 2023 ஜூனில் தங்கள் நிறுவனப் பதிப்பின் மூலநிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றார்கள். லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் கேட்பது அவ்வளவுதான், மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரல் கொடு என்பது மட்டும். ஆனால் அந்த நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் சந்தாவை நிறுத்தலாம் என்று அவர்களுடைய வாடிக்கையாளர் ஒப்பந்தம் சொல்கிறது. இது ஜிபிஎல்லின் எழுத்தை மீறவில்லை என்பார்கள் சிலர், உயிரை எடுத்துவிட்டது என்பார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்களில் எனக்கு மரியாதைக்குரியவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் யார் கையில் என்று சொன்னேனே, அதற்கு நம் எல்லோருக்கும் பழக்கமான உதாரணம் லிப்ரே ஆஃபிஸ். அதன் பழைய பெயர் ஓப்பன் ஆஃபிஸ். 2010இல் சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கியது, பெயரும் ஆரக்கிளிடம் போனது. அந்த செப்டம்பரில் பங்களிப்பாளர்கள் நிரலை எடுத்துக்கொண்டு தனி அமைப்பு வைத்தார்கள். பெயரைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 15 வருடம் கழித்தும் பிரவுசிங் சென்டரில் “ஓப்பன் ஆஃபிஸ் போட்டுக் கொடுங்க” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நிரலைப் பிரிப்பது ஒரு நாள் வேலை, பெயரைப் பிரிக்கப் பல வருடம் பிடிக்கும். 2025 ஏப்ரலில் நேட்ஸ் என்ற மென்பொருளை அதன் மூலக் கம்பெனி அறக்கட்டளையிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முயன்றபோதும் சண்டை பெயர் மேல்தான் நடந்தது. சில நாளில் சமரசமாகி, பெயரின் உரிமை லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது.

ஆக, இப்போது ரெடிஸை நம்பலாமா? 8ஆம் பதிப்பு உண்மையிலேயே கட்டற்ற மென்பொருள், அதில் சந்தேகமில்லை. சான்ஃபிலிப்போ 2024 கடைசியில் கம்பெனிக்குத் திரும்பினார், ஏஜிபிஎல் வர அவரும் குரல் கொடுத்தார். அவர் மனசு சுத்தம் என்றே நினைக்கிறேன். ஆனால் பங்களிப்பாளர் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. அதாவது உங்களுக்கு ஏஜிபிஎல் கட்டுப்பாடு உண்டு, கம்பெனிக்கு இல்லை, 9ஆம் பதிப்பை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வெளியிடலாம். எலாஸ்டிக்கும் 2024 ஆகஸ்டில் இதேபோல ஏஜிபிஎல்லைச் சேர்த்தது, அங்கும் இதே நிலைதான். வால்கீயில் ஒரு கம்பெனி தனியாக முடிவெடுக்க முடியாது, பெயரும் அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதற்காக அது தர்ம சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கொடுப்பது அதை வாடகைக்கு விடும் கம்பெனிகள்தான். அவர்களுக்கு ஆர்வம் குறைந்தால் வேகமும் குறையும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் போல, பல கம்பெனிகளின் ஆட்கள் இருந்தும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாமல் பல பத்தாண்டு தாக்குப்பிடித்த திட்டங்கள் அரிது. வால்கீ அப்படி ஆகுமா என்று சொல்ல இரண்டு வருடம் போதாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. 7.2இல் இருந்தால் அங்கிருந்து வால்கீக்குப் போவது எளிது, வட்டில் சேமித்த ஆர்டிபி கோப்பை அது அப்படியே படித்துவிடும், செயலியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. “7.2 இலவசம்தானே, அப்படியே இருந்துவிடுவோம்” என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். ரெடிஸுக்குள் ஓடும் லுவா மொழி ஸ்கிரிப்ட் வழியாக உள்ளே நுழையும் ஓட்டை ஒன்று 2025 அக்டோபரில் வெளியே வந்தது, 10 வருடத்துக்கு மேல் நிரலிலேயே கிடந்தது அது. ரெடிஸ், வால்கீ இரண்டிலும் திருத்தம் வந்தது, போடாதவர்களுக்கு உரிமம் காப்பாற்றாது. 7.4க்கு ஏற்கனவே போய்விட்டிருந்தால் ஒரு தடங்கல்: அதன் ஆர்டிபி கோப்பின் வடிவம் மாறிவிட்டது, வால்கீ படிக்காது. உங்கள் விஷயத்தில் அது பெரிய இடியில்லை. இருப்பது லாகின் விவரமும் விலைப்பட்டியலும்தான் என்றால் காலியான வால்கீயை எழுப்பிச் செயலியை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். எல்லோரும் ஒருமுறை மறுபடி லாகின் செய்வார்கள், விலைப்பட்டியல் சில நிமிடத்தில் தானாக நிரம்பிவிடும். ஞாயிறு காலையில் செய்யுங்கள், மாதக் கடைசி நாட்களில் வேண்டாம். சரக்கிருப்பு உள்ள அந்த இரண்டையும் மட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து ஒவ்வொரு சாவியாக (தரவைச் சேமித்த பெயராக)ப் படித்து மறுபக்கம் எழுதுங்கள். தேடல், ஜேசான் பாகங்களைச் செயலியில் பயன்படுத்தியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். வால்கீயின் பக்கம் அவற்றுக்கு மாற்று வந்திருக்கிறது, ஆனால் எல்லாக் கட்டளையும் ஒன்றுபோல நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பாருங்கள்.

அந்த இடைத்தரகரின் அஞ்சலுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லாதீர்கள், எத்தனை சர்வர், எத்தனை பயனர் என்ற கணக்கையும் கொடுக்காதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த உரிமம், அதில் எந்தப் பிரிவை நாங்கள் மீறியதாகக் கருதுகிறீர்கள், ரெடிஸ் கம்பெனியின் சார்பில் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்று நான்கே வரியில் எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதிய மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பதிலே வரவில்லை. மூன்றாமவருக்குத் தீபாவளித் தள்ளுபடி விலைப்பட்டியல் வந்தது.